சுவர் பார்த்து அழுகிறவள்

ஜிபார் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். லீவு கேட்கும்போது உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டாள்.

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருந்தால் மெலிஸ் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். ஆனால் கிர்கிஸ் வீட்டில் பிறந்த எவளும் சாவை மூடி மறைத்து வேறு சாக்குச் சொல்ல மாட்டாள். செத்தவருக்குச் செய்கிற அவமரியாதை அது. "எங்க தாய்மாமா தவறிட்டாரு, அகாய்" என்று போனில் சொன்னாள். அகாய் என்றால் வாத்தியாரை மரியாதையாகக் கூப்பிடுவது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பாடம் எடுத்தவர் மெலிஸ். தலைநகர் பிஷ்கெக்கில் இப்போது அவர் நடத்துகிற 'பாலம்' திட்டத்தில் அவளுக்குச் சம்பளம் போடுகிறவரும் அவர்தான்.

'பாலம்' என்பது ஐரோப்பாவிலிருந்து வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு நம் வாழ்க்கையைக் காட்டுகிற ஏற்பாடு. ஒரு பருவம் முழுக்க இங்கே தங்குவார்கள். குதிரையிலிருந்து விழுவார்கள், புளித்த குதிரைப்பாலைக் குடித்து முகத்தைச் சுளிப்பார்கள், ஆட்டு ரோமத்தை மிதித்துக் கம்பளி செய்து பார்ப்பார்கள், கடைசியில் 'நான் என்னையே கண்டுகொண்டேன்' என்று கட்டுரை எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் தங்க வீடு பிடித்துக் கொடுப்பது ஜிபாரின் வேலை. வீட்டில் பெரிய டிவி இருந்தால் அதன்மேல் பூத்துணி போட்டு மூடச் சொல்வதும் அவள் வேலை. மைக்ரோவேவ் அடுப்பைக் கொட்டகையில் கொண்டுபோய் ஒளித்துவைக்கச் சொல்லியிருக்கிறாள். "எங்களுக்கு டிவி இருக்கறது அவங்களுக்கு ஆகாதா?" என்று ஒரு வீட்டுக்காரி கேட்டபோது பல்லை இளித்துச் சமாளித்தாள். பிழைப்பு என்று சொல்லிக்கொண்டால் எதையும் விழுங்கிவிடலாம், அவளும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"அவரு ஈமானோட போய்ச் சேரட்டும்மா" என்று மெலிஸ் போனை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"அடக்கம் என்னிக்கு?"

"நாளன்னிக்கு, அகாய்."

"அப்ப நாளைக்கு நாங்க எல்லாரும் வர்றோம். உன் துக்கத்துக்கு வந்து நிக்காம வேற எதுக்கு நிக்கப் போறோம்?"

ஜிபார் அழுதுவிட்டாள். இந்த மனிதரைப் போய் மனசுக்குள் எத்தனை திட்டியிருக்கிறோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். அந்த நன்றியை இப்போது நினைத்தாலும் அவளுக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல இருக்கிறது.

மாமா ராயிம்பெக்கின் சாவுக்குக் கூட்டம் சேராது என்பது ஊருக்கே தெரியும். கொச்கோர் டவுனுக்கு மேலே மலையடிவாரத்தில் அவர் ஊர். அதற்கும் மேலே உள்ள மேலூரில்தான் அவருடைய பங்காளிகள் எல்லோரும் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத் தகராறில் அந்தப் பங்காளிகள் மேலேயே கேஸ் போட்டு ஜெயித்தார் மாமா. அன்றோடு மேலூர்க்காரர்கள் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நல்லது கெட்டது எதற்கும் கிடையாது. நம்மிடத்தில் ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்று யாரும் கேட்பதில்லை, அவன் சாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். அத்தை உல்கானுக்கு அந்தக் கவலை புருஷன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே இருந்தது.

"ஆளில்லாத முத்தத்துலருந்து அவரைத் தூக்கிட்டுப் போகப் போறாங்கடி" என்று, போன் பேசிய அன்று மாலையே ஜிபார் வந்து கட்டிக்கொண்டபோது அத்தை சொன்னாள். "நான் செத்தா என்னை எங்க வேணா போடுங்க. அவருக்கு மட்டும் இப்படி ஆகக்கூடாது."

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே இடது பக்கம் திரைக்குப் பின்னால் மாமா கிடந்தார். வலது பக்கம் கறுப்புத் துணியில் அத்தை, மாமா மகன் குபாத்தின் மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். நாலு பேரும் வாசலுக்கு முதுகைக் காட்டிக் கம்பளிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டுப் பெண்கள் அப்படித்தான் உட்கார வேண்டும். வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. வெளியே ஆண்கள் "ஐயோ, என் மாமாவே" என்று ஓலமிட்டுக்கொண்டு வருவது கேட்டால் உள்ளே ஒப்பாரி தொடங்க வேண்டும். வந்தவர்கள் போகிறவரை நிறுத்தக்கூடாது. அடுத்த கூட்டம் வந்தால் முதலிலிருந்து. வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. சொந்தக்காரிகள்தான் கிட்டப் போய்க் கட்டிக்கொள்வார்கள், அசலார் வாசலோரம் நின்று அழுதுவிட்டுப் போவார்கள்.

இந்த வழக்கத்தையெல்லாம் ஜிபாருக்கு வகுப்பில் பாடமாக எடுத்ததே மெலிஸ்தான்.

மறுநாள் காலை கடைத்தெரு முனையில் பேருந்து வந்து நின்றது. வரவேற்கப் போன ஜிபார் படியேறியதும் உள்ளே சிரிப்புச் சத்தம். மெலிஸ் நடுவில் நின்று இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, குனிந்து, ஓலமிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பையன்கள் அதைத் திருப்பிச் சொல்லிப் பழகினார்கள். ஒருவனுக்குக் குரல் பிசிறி ஆட்டுக்குட்டி கத்துகிறது மாதிரி வந்தது. பேருந்தே குலுங்கிச் சிரித்தது. மெலிஸும் சிரித்தார்.

ஜிபாரைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சட்டென்று மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சிரித்ததைக்கூட மன்னித்துவிடலாம்.

"வா மகளே. பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பதட்டம். அதான் லேசாக்கிவிட்டேன்."

"எல்லார் கையிலயும் எதுக்கு ரெக்கார்டர், அகாய்?"

"ஆறாவது வாரப் பாடம் என்னன்னு மறந்துட்டியா? பிறப்பும் இறப்பும். போன பேட்ச்சுக்கு வீடியோவைப் போட்டு ஒப்பேத்தினோம், பல்கலைக்கழகத்துல காறித் துப்பிட்டாங்க." அவள் தோளைத் தட்டினார். "உங்க மாமா எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்காரு பாரு."

அந்த இடத்திலேயே பேருந்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் சாவுக்கு வந்தவர்களை எப்படித் திருப்புவது? வந்தவர்கள் எட்டுப் பேர், தலையில் துணி கட்டிய பெண்களும் தொப்பி போட்ட பையன்களுமாக. முற்றம் வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு தடவைதானே, அத்தைக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள். "எங்க ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க அத்தை" என்று உள்ளே போய்ச் சொல்லியும் வைத்தாள்.

எட்டுப் பேரும் வந்தார்கள். வாசலில் தடியை ஊன்றி நின்ற குபாத் ஓலமிட்டான், பையன்களும் ஏதோ இட்டார்கள். உள்ளே அத்தை ஒப்பாரி எடுத்தாள்.

*சாம்பக் குதிரை வாசல்ல நிக்குது,*
*சவாரிக்காரன் திரைக்குள்ள படுத்திருக்கான்.*
*தூரத்துச் சனமெல்லாம் தேடி வந்திருக்கு,*
*தூங்கினது போதுமய்யா, எழுந்து பாரய்யா.*

ஜிபாருக்கு உடம்பு சிலிர்த்தது. மாரென் என்கிற பெண் நிஜமாகவே விசும்பினாள். அவ்வளவோடு முடிந்திருந்தால் மெலிஸை அவள் இன்றைக்கும் அகாய் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

வெளியே வந்ததும் மெலிஸ் பிள்ளைகளின் ரெக்கார்டர்களை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்துலயும் ஒரே சத்தம். ஒருத்தன் இருமறது எட்டுலயும் விழுந்திருக்கு. ரெண்டு பேருக்கு ஒரு தனிப் பதிவாவது வேணும்னு விதியிலேயே இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா மறுபடி கேட்டைத் தாண்டிப் போய் வாங்க."

"மறுபடின்னா?" என்றாள் ஜிபார்.

"வருவாங்க. உங்க அத்தை பாடுவாங்க. அவ்வளவுதானே."

"அகாய், அவங்க பாடல. அழறாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்னு பரீட்சையில எழுதி நீ நல்ல மார்க் வாங்கினவ" என்றார் மெலிஸ். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, பாராட்டுகிற மாதிரி சொன்னார்.

மாரென் கிட்டே வந்தாள். அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "திரும்பத் திரும்ப எங்களையே பாத்தா அவங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டாள்.

"அவங்க பாக்கவே மாட்டாங்களே" என்றார் மெலிஸ். "சுவரைப் பாத்துல்ல உக்காந்திருக்காங்க. இந்த வழக்கத்தோட அழகே அதுதான்."

மாரென் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு பேருந்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். மற்ற ஏழு பேரும் உட்காரவில்லை.

பையன்களின் ஓலம் அரைகுறையாக இருந்ததால் இந்தத் தடவை மெலிஸே முன்னால் நடந்து ஓலமிட்டார். நல்ல குரல் அவருக்கு, மலையில் பிறந்த குரல். முதல் ஜோடிக்குக் "என் மாமாவே" என்றார். அடுத்த ஜோடிக்குக் குரலைத் தடிமனாக்கி மேலூர் இழுப்போடு "என் பங்காளியே, என் தூணே" என்றார். மூன்றாவதற்குக் கிழவன் மாதிரி நடுங்கவிட்டார். ஒவ்வொரு தடவையும் கூடாரத்துக்குள்ளிருந்து அத்தையின் குரல் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தேய்ந்து வந்தது. வந்தவர்கள் வாசலோரம் நின்று ரெக்கார்டரை நீட்டிவிட்டு வெளியே வந்தார்கள். காதில் வைத்துக் கேட்டார்கள். சரியாக விழுந்திருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினார்கள்.

சீ என்று வந்தது ஜிபாருக்கு. நேராக குபாத்திடம் போனாள்.

"கேட்டைச் சாத்துடா. நீ வீட்டு ஆம்பளை. நீ சொன்னா கேப்பாங்க."

குபாத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தடியின்மேல் சாய்ந்தபடியே நின்றான். அழுது சிவந்த கண், ஆனால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"எதுக்குச் சாத்தணும்?"

"வந்தவனுங்களே திரும்பத் திரும்ப வர்றானுங்கடா. உன் கண்ணு முன்னாடிதானே நடக்குது."

"நடக்கட்டும்க்கா. காலையிலருந்து நம்ம ஊர்ச் சனம் வந்து தலையைக் காட்டிட்டு, கறியைத் தின்னுட்டுப் போயிடுச்சு. மேலூருக்கு நானே நேர்ல போய்ச் சொன்னேன். ஒரு நாய் வரல." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "முத்தம் காலியாக் கிடந்தா அம்மா சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடும். இப்ப அதுக்குச் சத்தம் கேக்குது. நீ உன் நியாயத்தைத் தூக்கிட்டு வந்து கெடுத்துடாதே."

அவனை அறையலாம் என்று ஜிபாருக்குத் தோன்றியது. அவன் சொன்னதில் இருந்த உண்மையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. தேநீருக்கு நெருப்பு மூட்ட விறகு வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எதையாவது செய்யலாம் என்று கூடாரத்துக்குப் பின்பக்கம் போனாள்.

அங்கே மெலிஸ் மண்டியிட்டிருந்தார்.

கூடாரத்தின் அடிக் கம்பளியை இரண்டு கைகளாலும் சுருட்டித் தூக்கிப் பிடித்திருந்தார். நெட்டையான ஒரு பையன் புல்லில் குப்புறப் படுத்து, மரச்சட்டங்களின் இடுக்கு வழியே கேமராவை உள்ளே நீட்டியிருந்தான். கேமராவின் சின்னத் திரையில் அத்தையின் முகம் தெரிந்தது. அத்தை பார்த்துக்கொண்டிருந்த சுவர்ப் பக்கம் அது. அவள் முகத்துக்கும் கேமராவுக்கும் ஒரு சாண்கூட இருக்காது. அத்தை கண்களை இறுக மூடியிருந்தாள். வாய் திறந்திருந்தது. மூக்கிலிருந்து ஒழுகியது வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அந்தப் பக்கம் மூன்றாவது ஜோடி இன்னும் வாசலோரம் நிற்கிறது, அதனால் நிறுத்தக்கூடாது என்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபது வருஷம் யார் முன்னாலும் தலைத்துணி விலகாமல் வாழ்ந்தவளின் முகம் அது. கண்ணைத் திறந்தால் எதிரே கேமரா. ஜிபார் பாய்ந்து கம்பளியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கீழே இழுத்தாள். பையன் கேமராவை உருவிக்கொண்டு உருண்டான். அவள் அந்தக் கம்பளி விளிம்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்றே நீ?" என்றார் மெலிஸ், மெதுவாக. கம்பளிக்கு அந்தப் பக்கம் அத்தை இருக்கிறாள். அவளும் கத்த முடியவில்லை. தொண்டையில் நிற்கிற அத்தனையையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எழுந்து போங்க."

"முகம் இல்லாம அடுத்த வருஷக் கையேட்டுக்கு அட்டைப்படம் எப்படிப் போடறது? யோசிச்சுப் பேசு. உன் சம்பளமும் அதுலருந்துதான் வருது."

"உங்க அம்மா செத்தப்ப எடுத்தீங்களா?"

மெலிஸ் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "எங்கம்மா செத்தப்ப இந்தத் திட்டம் கிடையாது" என்றார்.

திட்டம் இருந்திருந்தால் எடுத்திருப்பார். அதைத்தான் சொல்கிறார். இந்த ஆளுடைய மேசையில் உட்கார்ந்து எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

"கேட்டுக்கங்க அகாய். இப்ப பேருந்து கிளம்பலன்னா நான் உள்ள போய் அத்தை பக்கத்துல உக்காருவேன். ஒப்பாரி வைப்பேன். உங்க பேரு, உங்க அப்பா பேரு, உங்க ஊரு, எத்தனை குரல்ல ஓலமிட்டீங்க, எங்க மண்டி போட்டீங்க, எல்லாத்தையும் அடுக்குவேன். ஒப்பாரியில பொம்பளை சொல்றதை எவனும் நிறுத்த முடியாது. அதுவும் நீங்க எடுத்த பாடம்தான். நாளைக்கு அடக்கத்துக்கு வர்றவங்க வாயில அது இருக்கும். அடுத்த வாரம் உங்க ஊருக்கே போய்ச் சேரும். அப்புறம் உங்க சாவுக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு பாப்போம்."

எத்தனை பல்கலைக்கழகத்தோடு கை குலுக்கினாலும் மெலிஸும் மலைக்காரர்தான். அவர் பேர் ஒப்பாரியில் ஏறினால் இறங்காது என்று அவருக்குத் தெரியும். நெட்டைப் பையனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் வந்துடாதே" என்றார்.

"வரமாட்டேன். அந்த நெட்டையன் எடுத்ததை என் கண்ணு முன்னாடி அழிச்சுட்டுப் போகட்டும்."

அழித்தான். அதற்கும் பல்லைக் காட்டி "ஸாரி" என்றான். பேருந்து கிளம்புகிற சத்தம் கேட்கிறவரை ஜிபார் கம்பளி விளிம்பை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு கை கழுவினாள். போதாமல் மறுபடி கழுவினாள்.

முற்றம் அடங்கிப்போனது. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற சமோவாரின் சத்தம் மட்டும் கேட்டது. வேலை போனது பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஏதோ அழுக்குத் துணியைக் கழற்றிப் போட்டது போல இருந்தது. இனி அத்தை கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும், ஒரு கிண்ணம் தேநீராவது குடிக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள்.

அத்தை திரும்பவில்லை. கிண்ணத்தை வாங்கவும் இல்லை. "ஜிபாரா?" என்றாள். குரல் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஆமா அத்தை. ஒரு வாய் குடிங்க."

"இரு. வெளிய ஏன் சத்தம் நின்னு போச்சு?"

"கொஞ்ச நேரம் ஆளுங்க இல்ல, அத்தை."

"மேலூர்க்காரங்கதானே வந்தாங்க?" அத்தை சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "உன் ஆபீஸ் ஆளுங்க போனதுக்கப்புறம் வந்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரியாதா? பங்காளியேன்னு கூப்பிட்டாங்க. தூணேன்னு கூப்பிட்டாங்க. ஒரு கிழவர்கூட வந்தாரு, இவரோட பெரியப்பா மகனாத்தான் இருக்கும். கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு. கேஸை மறந்துட்டு வந்துட்டாங்க பாரு."

குபாத்தின் மனைவி ஜிபாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் சுவரைப் பார்த்தாள்.

"ஆமா அத்தை" என்றாள் ஜிபார். "மேலூர்க்காரங்கதான்."

"நான்தான் அவங்களைத் தப்பா நினைச்சுட்டேன். இவரும் நினைச்சுட்டாரு. நினைச்சுக்கிட்டே போயிட்டாரு." அத்தை திரையிருந்த பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தாள். "மேலூர்லயே மூத்த பங்காளிங்க, அந்தப் பெரிய வீட்டு ஆளுங்க இன்னும் வரல. அவங்க வராம இருக்கமாட்டாங்க. மத்தவங்க வந்த பிறகு அவங்க மட்டும் ஒதுங்கி நிக்க முடியாதுல்ல. வர்றாங்களா பாரு."

"வழியில இருக்காங்களாம்" என்றாள் ஜிபார்.

எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். மேட்டுப் பாதையைப் பார்த்தாள். நாலைந்து ஆடுகளும் புழுதியும்தான் தெரிந்தன. குபாத் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பான்.

கொட்டகை வாசலில் அவனுடைய கனத்த பூட்ஸ் கிடந்தது. காலை அதற்குள் நுழைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். மெலிஸ் திரும்பி நடந்த அதே இடத்திலிருந்து அவளும் திரும்பி நடந்தாள். உடம்பெல்லாம் கூசியது. குபாத் அவளைப் பார்த்தபடியே தடியை ஊன்றிக் குனிந்து, "ஐயோ, என் அப்பாவே" என்று எடுத்தான். அவள் ஆம்பளை மாதிரி குரலைத் தடிமனாக்கி மேலூர் இழுப்பை இழுத்து, "என் பெரிய வீட்டுத் தூணே" என்றாள். நன்றாகவே வந்தது, அந்த ஆளிடம் படித்தவள்தானே.

கூடாரத்துக்குள் அத்தை இல்லாத குரலைத் திரட்டி மறுபடி ஆரம்பித்தாள். ஜிபார் வாசலோரம் நின்றாள். நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிட்டப் போய் அத்தையைக் கட்டிக்கொள்ளக் கை துடித்தது. கட்டிக்கொண்டால் யாரென்று தெரிந்துவிடும். அதனால் அவள் அங்கேயே, சொந்தத் தாய்மாமனின் பிணத்துக்கு முன்னால், யாரோ ஒருத்தியாக நின்று அழுதுவிட்டு வெளியே போனாள்.